தோட்டத்தை அடமானம் வைக்கலாமா?

கேள்வி: கோபி பக்கம் மூன்று ஏக்கர் மஞ்சள் தோட்டம் இருக்கிறது. பாப்பா பி.எஸ்சி. நர்சிங் முடித்து கோவையில் ஐசியூவில் வேலை பார்க்கிறாள், சம்பளம் 24,000. அமெரிக்கா போய் மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸாக வேண்டும் என்கிறாள். ஏஜென்ட் 18 லட்சம் கேட்கிறார். தோட்டத்தை அடமானம் வைக்கலாமா?

பதில்: வேண்டாங்கண்ணா. பாப்பாவின் ஆசையில் ஒரு குறையும் இல்லை, அந்த வேலையில் இருப்பவர்களில் பாதிப் பேர் வருடத்துக்கு 2,23,000 டாலருக்கு மேல் வாங்குவதாக 2024 கணக்கு சொல்கிறது. ஆனால் அந்தச் சம்பளம் கைக்கு வர எத்தனை வருடம் ஆகும் என்பதைப் பார்க்காமல் கடன் வாங்கினால் தோட்டம்தான் போகும்.

நம் ஊரில் மயக்க மருந்து கொடுப்பது டாக்டர் வேலை, அதனால் இங்கே இதற்கென்று ஒரு படிப்பில் சேர்த்துவிட்டு அங்கே அனுப்பலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதலில் என்கிளெக்ஸ் பரீட்சை பாஸாகி அங்கே நர்ஸ் லைசென்ஸ் வாங்க வேண்டும். ஐசியூ அனுபவம் குறைந்தது ஒரு வருடம் என்பது விதி, ஆனால் பல கல்லூரிகள் அதை அமெரிக்காவிலேயே எதிர்பார்க்கின்றன. அதற்கு மேல் மூன்று வருடமாவது முனைவர் பட்டப் படிப்பு, 2022 முதல் சேருபவர்களுக்கு அது கட்டாயம். படிக்கும்போது முழுநேர வேலைக்குப் போக முடியாது, கட்டணம் பல இடங்களில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டும்.

இதையெல்லாம் விட பெரிய செலவு காத்திருப்புதான். நர்ஸ்கள் வழக்கமாகப் போகும் இபி-3 என்ற வேலைவழிப் பிரிவில், கிரீன் கார்டு (அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) வரிசையில் இந்தியாவில் பிறந்தவர்களுக்குப் பத்து வருடத்துக்கு மேல் தேங்கிக் கிடக்கிறது, நடுவில் லண்டன், துபாய் என்று எங்கே போய் வேலை பார்த்தாலும் பிறந்த நாட்டு வரிசைதான். 18 லட்சத்துக்கு 12 சதவீதம் என்றால் வட்டி மட்டுமே மாதம் 18,000. பாப்பா சம்பளத்தில் முக்கால் பங்கு, அதுவும் அசலில் ஒரு ரூபாய் குறையாமல்!

சரி, என்ன செய்யலாம்? ஆங்கிலத் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, என்கிளெக்ஸ் எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்துக்குள் முடித்துவிடலாம், ஒவ்வொன்றாகப் பாப்பாவின் சம்பளத்திலிருந்தே கட்டட்டும். பாஸான உடனே அவளுக்காகக் கிரீன் கார்டு மனு போடும் அமெரிக்க மருத்துவமனையைத் தேடச் சொல்லுங்கள், வரிசையில் இடம் அந்த மனுத் தேதியில்தான் தொடங்கும். நல்ல மருத்துவமனைகள் விசா செலவைத் தாங்களே ஏற்கும், நர்ஸிடம் லட்சக்கணக்கில் கேட்பதில்லை. பிறகு மேல்படிப்பு என்று வரும்போது கிரீன் கார்டு கையில் இருந்தால் அங்கேயே மாணவர் கடன் கேட்கலாம்.

ஏஜென்ட்டிடம் அந்த 18 லட்சம் எந்தெந்தக் கட்டணத்துக்கு, எந்த மருத்துவமனை மனு போடுகிறது என்று எழுத்தில் கேளுங்கள். தரவில்லை என்றால் பாப்பாவின் ஒரிஜினல் சான்றிதழ்களை மட்டும் அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள்.