தராசில் ஏறாத கிருபை

வாசகர் கேள்விகளுக்குப் போதகர் பதில்

இம்மாதம் இலங்கை மலையகத்தின் பல ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் ஐந்து, எழுதியவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்களாக இருந்தும், ஒரே விடயத்தையே சுற்றி வருகின்றன. கடவுளின் மன்னிப்பு யாருக்கு, எதன் பொருட்டு, எந்தக் கணக்கில் கிடைக்கிறது என்பதே அது. மற்றக் கடிதங்களை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் தகப்பனார் வாழ்நாள் முழுவதும் குடித்தார். சம்பள நாளில் அம்மாவின் காசையும் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார். சென்ற ஆண்டு படுக்கையில் விழுந்து, இறப்பதற்கு ஒரு வாரத்துக்கு முன் அழுது மனந்திரும்பி, திருவிருந்தும் பெற்று இறந்தார். அவர் பரலோகம் சேர்ந்துவிட்டார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நாற்பது வருடம் அடியும் வாங்கி ஜெபமும் செய்த அம்மாவுக்கும் அதே பரலோகம்தானா? இது நியாயமா?
– ஒரு மகள், மஸ்கெலியா

பதில்: சகோதரி, உங்கள் கோபத்தை நான் குற்றமாக எண்ணவில்லை. அந்தக் கோபத்தை இயேசுவே நன்றாக அறிந்திருந்தார்; அதற்கென்றே ஓர் உவமையும் சொன்னார். மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் வரும் திராட்சத்தோட்டக்காரர் அதிகாலையில் ஆட்களை அமர்த்துகிறார். பிறகு மூன்றாம், ஆறாம், ஒன்பதாம் மணி வேளைகளிலும், கடைசியாகப் பதினோராம் மணி வேளையிலும், அதாவது நம் கணக்கில் மாலை ஐந்து மணிக்கும் போய் ஆட்களை அழைத்து வருகிறார். சம்பளம் கொடுக்கும்போது கடைசியில் வந்தவர்களுக்கும் முதலில் வந்தவர்களுக்கும் ஒரே ஒரு பணம். குறித்த கிலோவுக்குக் கொஞ்சம் குறைந்தாலும் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, போடப்படும் தேயிலைத் தோட்டங்களில் வளர்ந்த நமக்கு இந்த உவமை நகரத்தாரைக் காட்டிலும் கூர்மையாகக் கேட்கும். காலைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் நேரத்துக்கு, வந்து நாள் முழுவதும் மழையில் மலையேறிக் கொழுந்தெடுத்தவளுக்கும், பொழுது சாயும் வேளையில் வந்து நின்றவளுக்கும் ஒரே முழுப்பேர் என்றால் எந்தப் பெண்ணும் முணுமுணுக்கத்தான் செய்வாள். உவமையிலும் முணுமுணுத்தார்கள். "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா" என்பதே அவர்களுக்குக் கிடைத்த பதில்.

இந்தப் பதிலைப் புரிந்துகொள்ளப் பவுல் எழுதிய ஒரு வாக்கியம் உதவும். "கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்" என்று ரோமர் 4:4இல் அவர் எழுதுகிறார். கூலி என்ற சொல் நம் முன்னோரின் பெயராகவே ஆகிப்போன சொல். 1854இல் இங்கே தோட்ட மக்களிடையே தொடங்கப்பட்ட அங்கிலிக்கன் நற்செய்திப் பணிக்குக்கூடத் 'தமிழ்க் கூலி மிஷன்' என்றுதான் பெயர் வைத்தார்கள். வாங்கும் கூலியைக் கொண்டே அழைக்கப்பட்ட ஒரு மக்களிடம், உங்கள் மீட்பு கூலி அல்ல என்ற செய்தி வந்து சேர்ந்ததை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு நிறைகிறது. பரலோகம் கூலியாக இருந்திருந்தால் உங்கள் அம்மாவுக்குப் பெரும் பங்கும் தகப்பனாருக்கு ஒன்றுமில்லாமையும் கிடைத்திருக்க வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் கணக்கில் நிறுத்தால் உங்கள் அம்மாவும், நானும், நீங்களும் குறித்த நிறையை எட்டமாட்டோம். இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்வனுக்குத் திருத்திக்கொள்ள ஒரு நாள்கூட மிச்சமிருக்கவில்லை. அவனிடம்தான் "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று சொல்லப்பட்டது.

இதோடு நிறுத்திவிட்டால் நான் உங்களுக்குப் பாதிப் பதில்தான் சொன்னவனாவேன். கடவுள் உங்கள் தகப்பனாரை மன்னித்தார் என்பதற்கு, அவர் உங்கள் அம்மாவுக்குச் செய்தது ஒன்றுமில்லை என்று பொருளல்ல. ஒன்றுமில்லாத காரியத்துக்கு மன்னிப்பே தேவைப்படாது. ஆகவே, அவரை மன்னித்துவிடுங்கள் என்று சபையார் யாரும் உங்கள் அம்மாவை அவசரப்படுத்த வேண்டாம் என்று இப்பத்தியின் மூலமாகவே கேட்டுக்கொள்கிறேன். அது அவருக்கும் கடவுளுக்கும் இடையில், அவருக்கு இயன்ற நேரத்தில் நடக்கட்டும்.

கேள்வி: எங்கள் ஊரில் நடந்த நற்செய்திக் கூட்டத்தில் எல்லோரும் அழுதார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அப்படியானால் நான் இரட்சிக்கப்படவில்லையா?
– உயர்தர வகுப்பு மாணவி, நானுஓயா

பதில்: மகளே, எபேசியர் 2:8ஐ எடுத்து ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்றிருக்கிறது. கண்ணீரைக்கொண்டு என்று அங்கே இல்லை. கொழும்பிலிருந்து இரவு அஞ்சல் ரயிலில் ஏறியவர்களில் ஒருவர் யன்னலோரம் விழித்திருக்கிறார், இன்னொருவர் அயர்ந்து தூங்குகிறார். இருவரும் ஒரே நேரத்தில்தான் உங்கள் ஊர் நிலையத்தில் இறங்குகிறார்கள். அழுகை வந்தால் நல்லது, வராவிட்டாலும் குறைவில்லை. உங்களைக் கூப்பிட்டவரை நம்புகிறீர்களா என்பது ஒன்றே கேள்வி.

கேள்வி: நான் சைவன். அவரவர் வினையை அவரவரே அனுபவிக்க வேண்டும் என்பது எங்கள் நம்பிக்கை. ஒருவருடைய பாவத்தை இன்னொருவர் எப்படிச் சுமக்க முடியும்? அருள் என்பது எங்கள் சமயத்திலும் உண்டே. உங்களுடையது எவ்வகையில் வேறு?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பண்டாரவளை

பதில்: ஐயா, கிறிஸ்தவரல்லாத ஒருவர் இவ்வளவு தெளிவாகக் கேட்டிருப்பது இப்பத்திக்குப் பெருமை. உயிரை மறைத்திருக்கும் ஆணவ மலம் என்னும் அழுக்கு அதன் சொந்த முயற்சியால் மட்டும் நீங்காது, அதற்கு இறைவனின் அருள் வேண்டும் என்று சைவ சித்தாந்தம் சொல்வதையும், தாய்ப்பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்வதுபோல் இறைவன் உயிரைத் தாங்குகிறானா, தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டிபோல் உயிரும் பற்றிக்கொள்ள வேண்டுமா என்று வைணவப் பெரியோர் ஆராய்ந்ததையும் நான் மதிப்போடு படித்திருக்கிறேன். அருள் என்ற சொல்லைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் இந்த மண்ணிலிருந்துதான் பெற்றுக்கொண்டார்கள். நாங்கள் வேறுபடும் இடம், அந்த அருளை ஒரு நிகழ்ச்சியோடு கட்டிப் பேசுவது. பொந்தியு பிலாத்து ஆளுநராக இருந்த காலத்தில் எருசலேமுக்கு வெளியே ஒரு மனிதர் சிலுவையில் அறையப்பட்டார், அங்கே கடவுள் தாமே நம் பாவத்தை ஏற்றுக்கொண்டார் என்பதே எங்கள் அறிக்கை.

ஒருவர் பாவத்தை இன்னொருவர் சுமப்பது எப்படி என்று கேட்கிறீர்கள். நம் மலைநாட்டு வரலாற்றிலிருந்தே இதை விளக்க முயல்கிறேன். தென்னிந்தியாவிலிருந்து ஆள் கட்டி வந்த காலத்தில், ஆள் சேர்த்து மேற்பார்த்த கங்காணி கொடுத்த முன்பணமும் வழிச்செலவும் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறின. அந்தக் கடன் தீரும்வரை அவர் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது; போக வேண்டுமானால், இவ்வளவு கடனைத் தீர்த்தால் இவரை விடுவிப்பேன் என்று தோட்டத்தை நடத்தும் துரை எழுதிக் கொடுக்கும் 'துண்டு' வேண்டும். புதிய தோட்டத்துரை பணத்தைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வார். மேலோட்டமாகப் பார்த்தால் இது மீட்புப்போலவே தோன்றும். ஒருவர் கடனை மற்றொருவர் கட்டுகிறார், ஆள் விடுபடுகிறார். உண்மையில் நடந்தது வேறு. கட்டிய தொகை புதிய தோட்டத்தின் பேரேட்டில் அதே தொழிலாளியின் பெயரிலேயே மறுபடியும் ஏறியது. கடன் இடம் மாறியதேயன்றி ஒழியவில்லை. 1921இல்தான் சட்டம் கொண்டுவந்து துண்டு முறையை ஒழித்தார்கள்.

பாவத்தை இப்படி மூன்றாம் ஆள் ஒருவரின் தோளுக்கு மாற்றிவிடுவதுதான் சிலுவை என்றால், ஐயா, உங்கள் மறுப்பு முற்றிலும் சரியாகிவிடும். குற்றமற்ற ஒருவரைப் பிடித்து மற்றவனின் தண்டனையை அவர்மேல் சுமத்துவது நீதியாகாது. நாங்கள் சொல்வது அதுவன்று. கடன் யாருக்குச் சேர வேண்டுமோ, அவரே அதன் இழப்பைத் தம்மேல் ஏற்றுக்கொண்டார் என்கிறோம். எந்த மன்னிப்பிலும் இதுதான் நடக்கிறது. தர வேண்டியவனை விட்டுவிடுகிறவன், அந்த நட்டத்தைத் தானே தாங்குகிறான். கொலோசெயர் 2:14 இதைச் சொல்லும்போது, நமக்கு விரோதமாக இருந்த "கையெழுத்தை" அவர் குலைத்துச் சிலுவையின்மேல் ஆணியடித்தார் என்கிறது. மூலத்தில் அந்தக் கிரேக்கச் சொல், கடன்பட்டவன் தன் கையாலேயே எழுதிக் கொடுக்கும் கடன்சீட்டைக் குறிப்பது. துண்டில் எழுதிய கடன் அடுத்த பேரேட்டில் ஏறியது. இந்தச் சீட்டு எந்தப் பேரேட்டிலும் திரும்ப ஏறாது.

கேள்வி: நான் மெதடிஸ்த சபை, கணவர் கத்தோலிக்கர். நான் 'கிருபை, இரட்சிப்பு' என்கிறேன். அவர் 'அருள், மீட்பு' என்கிறார். இரண்டும் ஒன்றா?
– ஓர் இளம் தம்பதி, அட்டன்

பதில்: சொல்லளவில் ஒன்றுதான். நீங்கள் 19ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பின் சொற்களிலும், அவர் 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தின் சொற்களிலும் வளர்ந்திருக்கிறீர்கள். கருத்தளவில் 16ஆம் நூற்றாண்டில் லூத்தருக்கும் ரோமைக்கும் இடையில் பெரும் பிளவு ஏற்பட்டது உண்மை. ஆனால் 1999 ஒக்டோபர் 31 அன்று ஜேர்மனியின் ஓக்ஸ்பேர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகச் சம்மேளனமும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டு, நம் தகுதியினாலல்ல, கிருபையினால் மட்டுமே, கிறிஸ்துவின்மேல் வைக்கும் விசுவாசத்தில் கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று சேர்ந்து அறிக்கையிட்டார்கள். 2006இல் மெதடிஸ்த சபைகளும் அதில் இணைந்தன. வேறுபாடுகள் இன்னும் உண்டு; உங்கள் வீட்டு ஜெபத்துக்கு அவை தடையாக வேண்டியதில்லை.

கேள்வி: எனக்கு எழுபத்தெட்டு வயது. எழுபதுகளில் ஒரு தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று சொல்லி, கழிக்க வேண்டியதைவிட அதிகமாகக் கழித்தேன். மேலிடத்தில் நல்ல பெயர் வாங்கவே அப்படிச் செய்தேன். இப்போது மனந்திரும்பியிருக்கிறேன். கடவுள் மன்னித்துவிட்டார் என்று எங்கள் போதகர் சொல்கிறார். அது போதுமா, அந்தப் பெண்களிடமும் நான் போக வேண்டுமா?
– பெயர் வேண்டாம்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை நான் பலமுறை படித்தேன். என் தாயாரும் கொழுந்தெடுத்தவர். சிறுவனாக நிறுவைக்களத்தில் அவருடைய சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். சாக்கைக் கொக்கியில் மாட்டியதும் அது ஊசலாடும். முள் ஆடி ஓயுமுன்னே எண்ணைச் சொல்லிப் புத்தகத்தில் எழுதிவிடுவார்கள். என் தாயார் முள்ளையும் பார்ப்பார், எழுதுகிறவரின் முகத்தையும் பார்ப்பார், வாய் திறக்கமாட்டார். ஆகவே இந்தப் பதிலை நான் விலகி நின்று எழுதவில்லை.

கடவுள் உங்களை மன்னித்தார் என்று உங்கள் போதகர் சொன்னது உண்மை. நீங்கள் அந்தப் பெண்களிடம் போனாலும் போகாவிட்டாலும் அந்த மன்னிப்பின் விலை கூடவோ குறையவோ செய்யாது, ஏனெனில் அதைக் கொடுத்து முடித்தவர் கிறிஸ்து. லூக்கா 19இல் வரும் வரி வசூலிப்பவனான சகேயு, உங்களைப்போலவே கணக்கில் கைவைத்தவன். இயேசு முதலில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உன் வீட்டில் தங்குவேன் என்கிறார். அதன் பிறகே அவன் எழுந்து நின்று, அநியாயமாய் வாங்கினதை "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்கிறான். இந்த வரிசையை மாற்றிப் படிப்பதால்தான் பலர் இடறுகிறார்கள். திருப்பிக் கொடுத்ததனால் அவனுக்குக் கிருபை கிடைக்கவில்லை; கிருபை வீட்டுக்குள் வந்துவிட்டதனால் அவனால் அந்தக் காசை வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாமா என்ற கேள்விக்குப் பவுல் "கூடாதே" என்று ஒரே சொல்லில் விடை சொல்வதும் இதனால்தான். கடவுள் மன்னித்துவிட்டார் என்பதைக் காரணம் காட்டி அந்தப் பெண்களைத் தவிர்த்தால், கிருபையை ஒளிந்துகொள்ளும் இடமாக ஆக்கிவிடுவீர்கள். ஆகவே, போக வேண்டும்.

எல்லோரிடமும் உங்களால் போக முடியாது என்பதை அறிவேன். தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இலங்கையும் இந்தியாவும் 1964இல் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி அந்த ஆண்டுகளில் எத்தனையோ குடும்பங்கள் தலைமன்னார் வழியாகக் கப்பலேறி இந்தியா போய்விட்டன. உங்கள் புத்தகத்தில் பெயர் இருந்த பெண்களில் பலர் நீலகிரியிலோ வேறெங்கோ இருக்கலாம், இறந்தும் போயிருக்கலாம். மோசேயின் நியாயப்பிரமாணமே இதை முன்னறிந்திருந்தது. அநியாயம் செய்தவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும் என்றும், வாங்கிக்கொள்ள உறவினர் ஒருவரும் இல்லையென்றால் அது கர்த்தருக்குச் சேர வேண்டும் என்றும் எண்ணாகமம் 5ஆம் அதிகாரம் சொல்கிறது. கண்டுபிடிக்க முடியாதவர்களின் பங்கை அதே தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுங்கள். எவ்வளவு என்பதை உங்கள் ஓய்வூதியத்தையும் மனச்சாட்சியையும் வைத்து நீங்களே தீர்மானியுங்கள். எந்தத் தொகையாலும் தீராத மிச்சம் ஒன்று இருக்கும். அதைக் கிறிஸ்துவிடம் விட்டுவிடத் துணியுங்கள்.

உயிரோடு இருக்கும் ஒருவரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவரிடமிருந்து தொடங்குங்கள். காசை உறையில் போட்டு வேறொருவர் கையில் கொடுத்தனுப்ப வேண்டாம். அவர் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்று, இன்ன ஆண்டில் உங்கள் கொழுந்தில் இப்படிக் கழித்தேன் என்று வாய்திறந்து சொல்லுங்கள். அவர் திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள், மன்னிக்கும்படி கெஞ்சி அவரை நெருக்காதீர்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் எந்தத் தோட்டம் என்பதை எனக்குத் தனிக் கடிதத்தில் எழுதுங்கள். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்த பின் நான் உங்களோடு வருகிறேன்.