சோயா சோஸ் போத்தலைத் திருப்பிப் பாருங்கள்: வீட்டு பிறைட் றைஸ் பற்றி மூன்று கேள்விகள்

கேள்வி (பரந்தன் வாசகி): அக்கா, சனிக்கிழமை வந்தால் பிள்ளைகள் இரண்டும் றைஸ் பார்சல் கேட்டு நிற்கிறார்கள். போன மாதம் கிளினிக்கில் இவருக்குப் பிரஷர் என்று சொல்லி உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். சரி, வீட்டிலேயே செய்வோம் என்று சோயா சோஸ், ஒயிஸ்டர் சோஸ், ஒரு பிறைட் றைஸ் மிக்ஸ் பக்கெட் எல்லாம் வாங்கிச் செய்தேன். சோறு குழைந்து, உப்புக் கரித்து, ஒருவரும் சாப்பிடவில்லை. எதை வாங்குவது, எதை விடுவது?

பதில்: தங்கச்சி, நீங்கள் ஒரே சாப்பாட்டுக்கு நான்கு தரம் உப்புப் போட்டிருக்கிறீர்கள். சோயா சோஸில் ஒரு தரம், ஒயிஸ்டர் சோஸில் இன்னொரு தரம், பக்கெட்டில் மூன்றாவது தரம், சோறு அவிக்கும்போது கைப்பழக்கத்தில் போட்டது நான்காவது. சாதாரண சோயா சோஸ் ஒரு மேசைக்கரண்டியில் மட்டும் ஏறக்குறைய 2.3 கிராம் உப்பு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு முழு நாளுக்கும் சொல்வதே 5 கிராமுக்குக் கீழேதான், அதாவது ஒரு தேக்கரண்டி அளவு. அப்படியென்றால் நான்கு பேருக்குச் செய்யும்போது மொத்தமாக ஒன்றரை மேசைக்கரண்டி சோயா சோஸ் போதும், ஆளுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகத்தான் வரும். அதற்கு மேல் தூள் உப்பு ஒரு சிட்டிகையும் வேண்டாம், சோற்றிலும் வேண்டாம்.

மிக்ஸ் பக்கெட்டை இனி வாங்காதீர்கள். அதைத் திருப்பிப் பின்பக்கத்தை வாசித்தால் உப்பு, சீனி, மா, சுவையூட்டி என்றுதான் வரும், நீங்கள் தேடிப்போன வாசம் உள்ளியிலும் இஞ்சியிலும் வெங்காயத் தாளிலும் இருக்கிறது, அது மூன்றும் சந்தையில் கிடைக்கும். ஒயிஸ்டர் சோஸும் உப்புத்தான், கூடவே சீனி. வேண்டுமென்றால் கங்குன் வதக்கும்போது ஒரு தேக்கரண்டி விடுங்கள், அன்றைக்கு சோயா சோஸைக் குறையுங்கள்.

சோயா சோஸ் வாங்கும்போது முன்பக்கத்துப் படத்தை விட்டுவிட்டு பின்பக்கம் வாருங்கள். எழுத்து பொடியாக இருக்கும், கடை வாசலில் வெளிச்சத்துக்குப் பிடித்துத்தான் வாசிக்க வேண்டும், போனில் படம் எடுத்துப் பெரிதாக்கியும் பார்க்கலாம். சேர்மானங்கள் எடையில் கூடியது முதலாவதாக வரும்படி எழுதப்பட்டிருக்கும். நீர், சோயா, கோதுமை, உப்பு என்று நான்கைந்து சாமானோடு முடிந்தால் அது மாதக்கணக்கில் புளிக்க வைத்து எடுத்தது. நீர், உப்பு, ஹைட்ரொலைஸ்ட் வெஜிடபிள் புரோட்டீன், கரமல் நிறம், சீனிப்பாகு என்று போனால் அது அமிலத்தால் சில நாட்களில் புரதத்தை உடைத்துச் செய்து, நிறமும் இனிப்பும் சேர்த்தது. போன வருசம் நான் வவுனியாவில் ஒரு கடையில் பெரிய போத்தல், மலிவு என்று தூக்கி வந்தேன், வீட்டுக்கு வந்து ஊற்றினால் கறுப்பாகப் பாகு போல வந்தது, மணமே இல்லை, மணம் வரட்டும் என்று மேலும் மேலும் ஊற்றி முழுத் தாச்சியும் பழுதாய்ப் போனது. நல்ல போத்தல் விலை கூடத்தான், ஆனால் கொஞ்சம் ஊற்றினாலே மணக்கும் என்பதால் நாளோடும், உப்பும் குறையும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் வீட்டில் இருந்தால் இதையும் கவனியுங்கள், பெரும்பாலான சோயா சோஸில் கோதுமை இருக்கிறது.

‘உப்புக் குறைந்தது’ என்று எழுதிய போத்தலும் வருகிறது. அதுவும் உப்புத்தான், கொஞ்சம் குறைவு, அவ்வளவு. சிலதில் சோடியத்துக்குப் பதிலாக பொட்டாசியம் குளோரைட் சேர்ப்பார்கள். சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு அது கூடாமல் போகலாம். வவுனியாப் பக்கக் கிராமங்களில் அந்த வருத்தத்தோடு எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அப்படி யாராவது வீட்டில் இருந்தால் வாங்க முன் வைத்தியரைக் கேளுங்கள்.

அஜினமோட்டோவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கட்டாயம் யாராவது கேட்பார்கள். 1908இல் ஜப்பானில் கிகுனே இகேடா என்ற வேதியியலாளர் கடற்பாசிச் சாற்றில் கண்டுபிடித்த சுவை அது. அதில் சோடியம் ஏறக்குறைய 12 வீதம், கறியுப்பில் 39 வீதம். அதை நஞ்சு என்று பயப்படத் தேவையில்லை, போட்டே ஆக வேண்டும் என்றும் இல்லை. நான் போடுவதில்லை, நல்ல சோயா சோஸில் அந்தச் சுவை ஏற்கெனவே இருக்கிறது.

அப்புறம் குழைந்த சோறு. பாஸ்மதிக்குக் காசைக் கொட்ட வேண்டாம், நம் வயலில் விளையும் நாட்டரிசி புழுங்கலே உதிரியாக வரும், பச்சையரிசிதான் ஒட்டும். நடுவில் ஒரு பொட்டு கடினமாக இருக்கும்போதே கஞ்சியை வடித்து, பெரிய தட்டில் மெல்லிசாகப் பரப்பி மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். அரை மணித்தியாலத்தில் ஆவி போய் காய்ந்துவிடும், அதை உடனே வதக்கலாம். பழைய சோறுதான் பிறைட் றைஸுக்கு நல்லது என்று சொல்வார்கள். பிறிட்ஜில் வைத்த சோறென்றால் அது சரி, மத்தியானம் வடித்த சோற்றைப் பானையோடு மூடி இரவு வரைக்கும் வைத்திருந்து எடுக்கிறதை மட்டும் செய்யாதீர்கள், அதுவும் இந்த வெயிலில். அரிசியில் உள்ள பசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதித்தாலும் சாகாது, சோறு சூட்டோடு கிடக்கும்போது முளைத்துப் பெருகும், அது விடும் நஞ்சு திரும்ப வதக்கினாலும் அழியாது. சத்தி, வயிற்றோட்டம் என்று பிள்ளைகளோடு ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டி வரும். வடித்து ஒரு மணித்தியாலத்துக்குள் ஆறவைத்து பிறிட்ஜில் வையுங்கள், நீண்ட நேரம் கரண்ட் நின்ற நாளில் அந்தச் சோற்றை விட்டுவிடுங்கள்.

சோறு ஒரு கோப்பை என்றால் மரக்கறி ஒன்றரைக் கோப்பை. பார்சலில் இது தலைகீழாக இருக்கும். கரட்டும் லீக்ஸும் மலையிலிருந்து வருவதால் விலை ஏறும் நாட்களில் பயிற்றங்காயைப் பொடியாக அரிந்து போடுங்கள், கடித்தால் நறுக்கென்று இருக்கும். சீனக் கடைகளில் கடைசியாக விடும் வறுத்த எள்ளெண்ணெய் போத்தல் விலை கூட, நம் நல்லெண்ணெய்க்கு அந்த மணம் வராது. ஒரு கரண்டி எள்ளை வெறும் சட்டியில் பொரியும்வரை வறுத்து மேலே தூவுங்கள், போதும்.

கேள்வி (முள்ளியவளை வாசகர்): அக்கா, கடையில் வாங்கும் சில்லி சிக்கன் போல எண்ணெயில் பொரிக்காமல் வீட்டில் செய்ய முடியுமா? வீடு வீடாக வரும் வியாபாரி ஒருவர் ஒட்டாத தாச்சி ஒன்றைத் தவணைக் காசுக்குத் தருகிறேன் என்கிறார், வாங்கலாமா?

பதில்: தம்பி, இந்தச் சமையலுக்கு அந்தத் தாச்சி வேண்டாம். ஒட்டாத பூச்சு 260 பாகைக்கு மேலே சூடானால் பழுதாகத் தொடங்கிப் புகை விடும், இந்தச் சமையலோ தாச்சி நன்றாகக் காய்ந்தால்தான் சரிவரும். சந்தையில் இரும்புத் தாச்சி ஒன்று வாங்குங்கள். முதல் நாள் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி, அடுப்பில் ஈரம் போகக் காயவைத்து, எண்ணெய் தோய்த்த துணியால் மெல்லிசாகப் பூசி, புகை வரும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். இதை மூன்று நான்கு தரம் செய்தால் கறுத்து வழுவழுப்பாகிவிடும், பிறகு பெரும்பாலும் ஒட்டாது, பிள்ளைகள் காலம் வரைக்கும் இருக்கும். தவணைக்கு வாங்குகிறவர்கள் எதை வாங்கினாலும் மொத்தமாகக் கட்டும் காசைக் கூட்டி, கடை விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு கையெழுத்து வையுங்கள், இதை நான் எத்தனை தரம் எழுதினாலும் பரவாயில்லை.

கடைக்காரரின் அடுப்பில் நெருப்பு பலம் கூட, வீட்டு காஸ் அடுப்பில் அந்தச் சூடு வராது. அதனால் இரண்டு பேருக்கு ஒரு தரமாகப் பிரித்துப் போடுங்கள், மொத்தமாகக் கொட்டினால் தண்ணீர் விட்டு அவிந்துவிடும். விறகடுப்பு வைத்திருக்கிறவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு. காய்ந்த தென்னம்பாளை இரண்டைச் செருகினால் சுவாலை தாச்சியின் விளிம்பைத் தொட்டு எழும், அந்தச் சூட்டில் கோவா இரண்டு நிமிடத்தில் பச்சை மாறாமல் வதங்கும்.

கோழிக்கு: எலும்பில்லாத இறைச்சி அரைக் கிலோ, சோளமா ஒரு மேசைக்கரண்டி, ஒரு முட்டையின் வெள்ளை, சோயா சோஸ் ஒரு தேக்கரண்டி, மிளகுதூள். பிசைந்து அரை மணித்தியாலம் வையுங்கள். காய்ந்த தாச்சியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு இறைச்சியை ஒரு அடுக்காகப் பரப்பி, கிண்டாமல் விடுங்கள். அடிப்பக்கம் பொன்னிறமாகி தானாகவே கழன்று வரும்போது புரட்டுங்கள், சோளமா இறைச்சியின் நீரை உள்ளே பிடித்து வைத்திருப்பதால் பொரிக்காமலே மெதுவாக இருக்கும். வெந்ததும் எடுத்து வைத்துவிட்டு உள்ளி, வெங்காயம், கறிமிளகாய் வதக்கி, இறைச்சியைத் திரும்பப் போட்டு ஒரு புரட்டு. உறைப்புக்கு செத்தல் மிளகாயை ஊறவைத்து உள்ளியும் வினாகிரியும் சேர்த்து அரைத்துக்கொள்ளுங்கள், போத்தல் சில்லி பேஸ்டில் உப்பும் சீனியும் அதிகம். நீங்கள் முள்ளியவளை என்கிறபடியால் றாலிலும் செய்து பாருங்கள், நாயாற்று றால் கிடைத்தால் மூன்று நிமிடத்துக்கு மேல் அடுப்பில் வைக்காதீர்கள், ரப்பராகிவிடும்.

கேள்வி (நெடுங்கேணி வாசகி): வாங்கி வந்த சோஸ் போத்தலில் காலாவதித் திகதி முடிந்து இரண்டு மாதம். கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: திகதி முடிந்த பொருளை விற்பது சட்டப்படி பிழை, அக்கா. போத்தலைத் திறக்காதீர்கள், திகதி தெரிய ஒரு படம் எடுத்து, பற்றுச்சீட்டோடு வைத்துக்கொண்டு இன்னொரு முறை கடைக்குப் போய்த் தன்மையாகக் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள், உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் சொல்லுங்கள். உணவுப் பொருள் என்பதால் அவர் கடைக்கே போய்ப் பார்ப்பார், அதே பெட்டியில் வந்த மற்றப் போத்தல்களும் இன்னும் அந்தத் தட்டில்தான் இருக்கும்.