வரப்பில் போடும் கணக்கு: வேளாண் பொருளியல் படிப்போரின் கேள்விகளுக்குச் சில பதில்கள்

மேலூரில் பிளஸ் டூ உயிரியல் பிரிவில் படிக்கிறேன். வேளாண் பொருளியலை மட்டும் இளநிலைப் பட்டமாகப் படிக்க விரும்புகிறேன். மதுரைப் பக்கம் அதற்கு வழி உண்டா?

அந்தப் பெயரிலேயே ஒரு தனி இளநிலைப் பட்டத்தைத் தேடி நாளைக் கடத்த வேண்டாம். இங்கே வேளாண் பொருளியல் பெரும்பாலும் முதுநிலையில்தான் தனித்துறையாகப் பிரிகிறது. இளநிலையில் அது நான்கு ஆண்டு இளம் அறிவியல் வேளாண்மைப் படிப்புக்குள், உழவியல், மண்ணியல், பூச்சியியல் ஆகியவற்றோடு ஒரு பகுதியாக வருகிறது. பொருளியல் அடிப்படைகள், வேளாண் நிதியும் கூட்டுறவும், விளைபொருள் சந்தையும் விலையும், பண்ணை மேலாண்மை ஆகியவை அதில் முக்கியமான தாள்கள். உங்கள் ஊருக்கு மிக அருகிலேயே, ஒத்தக்கடையில் யானைமலை அடிவாரத்தில், 1965 முதல் இயங்கும் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1971இல் உருவாவதற்கு முன்பே தொடங்கப்பட்ட கல்லூரி அது. சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில்தான் நடக்கிறது, நீட் தேவையில்லை. அரசுப் பள்ளியில் படித்தவராக இருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கும் விண்ணப்பியுங்கள்.

பொருளியல் தாள்கள் குறைவாக இருக்கின்றனவே என்று வருந்த வேண்டாம். நாற்று எத்தனை நாளில் பறிக்க வேண்டும், களை எடுக்கும் ஆள் எந்த வாரத்தில் கிடைக்கமாட்டார் என்பதெல்லாம் தெரியாமல் உற்பத்திச் செலவைப் பற்றிப் பேசும் பொருளியலாளர்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள்.

திருமங்கலத்தில் வணிகவியல் பிரிவில் படித்தேன். எனக்கு இந்தத் துறையில் இடமே இல்லையா?

வேளாண்மைப் பட்டத்துக்கு அறிவியல் பாடங்கள் வேண்டும் என்பதால் அந்தக் கதவு உங்களுக்கு மூடியிருக்கிறது, மற்றொன்று திறந்திருக்கிறது. மதுரையில் அமெரிக்கன் கல்லூரி, மதுரைக் கல்லூரி, தியாகராசர் கல்லூரி, லேடி டோக் கல்லூரி போன்றவற்றில் இளங்கலைப் பொருளியல் சேர்ந்து, விருப்பப் பாடங்களையும் ஆய்வுத் தலைப்பையும் வேளாண்மை சார்ந்து தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். கூட்டுறவில் நாட்டமிருந்தால் திண்டுக்கல் சாலையில் உள்ள காந்திகிராமக் கிராமிய நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் கூட்டுறவுப் படிப்புகளையும் பாருங்கள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பொதுத்துறை வங்கிகளின் வேளாண் கள அலுவலர் பணிக்கு வேளாண்மை அல்லது அதைச் சார்ந்த துறையில் நான்கு ஆண்டுப் பட்டம் கேட்கிறார்கள். மூன்றாண்டுப் பொருளியல் பட்டம் அங்கே செல்லாது. படித்து முடித்துவிட்டு விண்ணப்பப் படிவத்தின் முன் உட்கார்ந்து இதைத் தெரிந்துகொள்ளும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

என் மகளை வேளாண்மைக் கல்லூரியில் சேர்த்திருக்கிறேன். பொருளியலைத் தொடர்ந்து படிக்கப்போவதாகச் சொல்கிறாள். வேலை கிடைக்குமா? (உசிலம்பட்டியிலிருந்து ஒரு தந்தை)

கிடைக்கும் ஐயா, ஆனால் பட்டத்தைக் காட்டியதும் கிடைத்துவிடாது. இளநிலை வேளாண்மைப் பட்டம் இருப்பதால் அரசின் வேளாண்மை அலுவலர் தேர்வு, வங்கிக் கள அலுவலர் தேர்வு இரண்டையும் எழுதலாம். வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டின் உதவி மேலாளர் தேர்வில் பொருளாதார, சமூகப் பிரச்சினைகளும் வேளாண்மை, ஊரக வளர்ச்சியும் இடம்பெறுவதால், இரண்டையும் சேர்த்துப் படித்தவருக்கு அது பொருத்தமான தேர்வு. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள், பயிர்க் காப்பீடு, விதை மற்றும் இடுபொருள் நிறுவனங்கள் ஆகியவற்றிலும் ஆட்கள் தேவைப்படுகிறார்கள். ஆசிரியராகவோ ஆய்வாளராகவோ வர விரும்பினால் முதுநிலையும் முனைவர் பட்டமும் இல்லாமல் முடியாது. அதற்குக் குடும்பம் இன்னும் சில ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமை உங்களிடம் இருக்கிறதா என்பதை இப்போதே அவளிடம் வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது.

இரண்டாம் ஆண்டு மாணவன். ஏ2, குடும்ப உழைப்பு, சி2 என்ற செலவுக் கணக்குகள் தேர்வுக்கு மனப்பாடம் ஆகின்றனவே தவிர, ஏன் இத்தனை கணக்கு என்பது புரியவில்லை.

இந்தப் பாடத்தின் நடுநரம்பே அதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பெரியாறு பாசனத்தில் ஓர் ஏக்கர் நெல் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் இட்டவை. விதை, உரம், டிராக்டர் உழவு, நடவுக் கூலி, அறுவடை இயந்திர வாடகை என்று கையைவிட்டுப் போன செலவு 30,000 ரூபாய், இது ஏ2. நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தால் கொடுத்த குத்தகையும் இதிலேயே சேரும். தண்ணீர் கட்ட இரவில் வயலுக்குப் போன கணவர், களை எடுத்த மனைவி, நெல் காயவைத்த மகன் ஆகியோருக்கு யாரும் கூலி தரவில்லை; அதே வேலைக்கு வெளியாள் வைத்திருந்தால் கொடுத்திருக்க வேண்டிய கூலியை 7,500 ரூபாய் என்று மதிப்பிட்டால், ஏ2-வும் குடும்ப உழைப்பும் சேர்ந்து 37,500 ஆகிறது. இனி, சொந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தால் வந்திருக்கக்கூடிய வாடகையையும், மோட்டார், கருவிகள் போன்றவற்றில் முடங்கிய சொந்த முதலுக்கான வட்டியையும் 12,500 என்று கொண்டால், சி2 செலவு 50,000 ரூபாய்.

விளைச்சல் 25 குவிண்டால் என்றால், ஒரு குவிண்டாலின் செலவு முதல் கணக்கில் 1,200, இரண்டாவதில் 1,500, மூன்றாவதில் 2,000. மூன்றும் ஒரே வயல், ஒரே போகம்.

இங்கேதான் கணக்கு அரசியலாகிறது. செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவீதம் கூடுதலாக விலை தரவேண்டும் என்று, எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏ2-வையும் குடும்ப உழைப்பையும் அடிப்படையாக வைத்து ஒன்றரை மடங்கு தருவதாகச் சொல்கிறது. விவசாயச் சங்கங்கள் சி2-வை அடிப்படையாகக் கேட்கின்றன. நம் வயலில் குவிண்டாலுக்கு அரசின் கணக்குப்படி 2,250 ரூபாய், சங்கங்களின் கணக்குப்படி 3,000 ரூபாய்; 25 குவிண்டாலுக்கு வேறுபாடு 18,750 ரூபாய். 2025-26க்கு மத்திய அரசு அறிவித்த சாதாரண ரக நெல்லின் ஆதரவு விலை 2,369 ரூபாய் என்பதை இந்த வயலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘ஒன்றரை மடங்கு கிடைத்துவிட்டது’ என்பவரும் ‘கிடைக்கவில்லை’ என்பவரும் பொய் சொல்லவில்லை. அவரவர் எந்த வரியில் கோடு போட்டுக் கூட்டினார் என்பதே விவாதம்.

எது சரி என்று கேட்பீர்கள். அடுத்த போகத்தில் பயிர் வைக்கக் கையில் காசு இருக்குமா என்பதற்கு ஏ2 போதும். இந்தக் குடும்பம் இதே தொழிலில் தொடர்வது தகுமா என்பதற்கு சி2 வேண்டும். சொந்த நிலத்தின் வாடகையைச் செலவென்று சேர்த்தால், விலை உயர நில வாடகையும் உயர்ந்து, அதனால் செலவும் உயர்ந்துகொண்டே போகும் என்ற எதிர்வாதத்திலும் நியாயம் இருக்கிறது. என் கருத்தில், எந்தச் செலவு என்று பெயர் சொல்லாமல் ‘விவசாயத்தில் நட்டம்’ என்றோ ‘லாபம்’ என்றோ எழுதும் விடைத்தாளுக்கு முழு மதிப்பெண் தரக்கூடாது.

கணிதம் எனக்கு வராது. சமாளிக்க முடியுமா?

இளநிலையில் முடியும். பிளஸ் டூவில் கணிதம் படிக்காதவர்களுக்கு முதலாண்டிலேயே அடிப்படைக் கணிதம் நடத்துகிறார்கள். உங்களுக்கு வேண்டியது சதவீதம், சராசரி, வரைபடம், எளிய வகைநுண்கணிதம், புள்ளியியல். அவற்றையும் வயலில் வைத்தே பழகலாம். 45 கிலோ யூரியா மூட்டையை விவசாயி மானிய விலையில் 266 ரூபாய் 50 காசுக்கு வாங்குகிறார். முதல் மூட்டை 100 கிலோ நெல்லைக் கூட்டியது, இரண்டாவது 50, மூன்றாவது 10 என்று வைத்துக்கொண்டால், மூன்றாவது மூட்டை தரும் 10 கிலோ நெல்லின் மதிப்பு, மேலே சொன்ன ஆதரவு விலையில், ஏறத்தாழ 237 ரூபாய்தான், வாங்கியிருக்கக் கூடாது. இறுதிநிலை வருவாய் இறுதிநிலைச் செலவுக்குச் சமமாகும் இடத்தில் நிறுத்து என்று புத்தகம் சொல்வது இதைத்தான். முதுநிலைக்குப் போனால் கணிதம் கடினமாகும்; அதற்குள் எக்செல்லும், இலவசமாகக் கிடைக்கும் ஆர் மென்பொருளும் கைக்கு வந்திருக்கட்டும்.

எங்கள் வீட்டில் மல்லிகைத் தோட்டம் இருக்கிறது. பூ நிறைய வரும் நாளில்தான் விலை விழுகிறது. அப்பா கமிஷன் மண்டிக்காரரைத் திட்டுகிறார். பாடத்தில் படிப்பது இதற்கு என்ன சொல்கிறது?

உங்கள் தோட்டம் ஒரு நல்ல பாடப்புத்தகம். விடியுமுன் பறித்த மொட்டை அன்று மாலைக்குள் விற்றாக வேண்டும். நாளைக்கு வைத்துக்கொள்கிறேன் என்று சொல்ல முடியாத சரக்கு அது. ஆகவே காலையில் மாட்டுத்தாவணிக்கு எவ்வளவு வந்ததோ அவ்வளவும் விலைபோக வேண்டும். வாங்கும் பக்கமோ, விலை பாதியானால் ஒரு முழம் வைப்பவர் ஒன்றரை முழம் வைத்துக்கொள்வாரே தவிர, இரண்டு முழம் வைத்துக்கொள்ளமாட்டார். விலை நெகிழ்ச்சி குறைந்த தேவை என்று நாம் சொல்வது இதுதான். இப்படிப்பட்ட பொருளில் வரத்து சிறிது கூடினாலும் விலை பெரிதாக விழும். கூடுதல் பூவுக்குக் கிடைப்பது மொத்தத்தில் குறைந்த பணம். பனிக்காலத்தில் செடி பூக்காதபோது, முகூர்த்தமும் சேர்ந்துகொண்டால், அதே நெகிழ்ச்சியின்மை விலையை மேலே தூக்குகிறது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால் தேவைக்கோடே இடம்மாறுகிறது, அதாவது எந்த விலையிலும் முன்பைவிடக் குறைவாகவே வாங்குவார்கள். வாசனைத் திரவிய ஆலைகள் மிஞ்சிய பூவை வாங்குவதால் விலை ஓர் அளவுக்குக் கீழே போகாமல் நிற்கும், ஆனால் அந்த அளவு தாழ்வானது. 2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது பெயருக்குப் பாதுகாப்பு. அன்றாட வரத்துக்கும் விலைக்கும் உள்ள இந்த உறவை அது மாற்றாது.

மண்டிக்காரர் விஷயத்தில் உங்கள் அப்பா சொல்வது பாதி உண்மை. விலை விழுவது அவரால் அல்ல. ஆனால் அவரிடம் முன்பணம் வாங்கியிருந்தால், பூவை வேறு மண்டிக்குக் கொண்டுபோக முடியாது. கடனுக்கான வட்டி, வட்டி என்ற பெயரில் இல்லாமல் கமிஷனிலும் எடையிலும் விலையிலும் கரைந்திருக்கும். கடன் சந்தையும் விளைபொருள் சந்தையும் பின்னிக்கொள்வது என்ற தலைப்பில் இதைப் படிப்பீர்கள். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில், தவணை தவறாமல் கட்டினால் வட்டியில்லாமல் பயிர்க்கடன் கிடைக்கும்போது ஏன் மண்டிக்குப் போகிறார்கள் என்று கேட்டால், பட்டா இல்லாத குத்தகைதாரர், பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, இன்று இரவே பணம் வேண்டும் என்ற நெருக்கடி ஆகியவையே விடை. இடைத்தரகரை ஒழித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கட்டுரை எழுதும் மாணவர், அந்த இரவில் பணம் தருபவர் யார் என்பதையும் எழுத வேண்டும்.

ஊரகப் பயிற்சிக்காக வாடிப்பட்டிப் பக்கம் தங்கப்போகிறோம். ஆய்வுக்கு எதை எடுக்கலாம்? கணக்கெடுப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

நாட்டின் விவசாய நெருக்கடியை எடுக்க வேண்டாம். ஒரு பொருளை எடுங்கள். கத்தரிக்காய் போதும். 1999 நவம்பர் 14 அன்று தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை மதுரையில்தான் திறக்கப்பட்டது. அதே கத்தரிக்காயை உழவர் சந்தையில் நேரடியாக விற்றவருக்கும், பரவை மொத்தச் சந்தைக்கு அனுப்பியவருக்கும், நுகர்வோர் தரும் ஒரு ரூபாயில் எத்தனை பைசா வந்துசேருகிறது என்று கணக்கிடுங்கள். உழவர் சந்தையில் விற்றவர் காலை முழுதும் அங்கே உட்கார்ந்திருந்த நேரத்துக்கும் கூலி போடுங்கள். வாடியும் சொத்தையாகியும் கழிந்த எடையையும் கழியுங்கள். இந்த இரண்டையும் விட்டுவிட்டு எழுதிய ஆய்வுகளே அதிகம், அதனால்தான் அவற்றில் நேரடி விற்பனை எப்போதும் வெல்கிறது. நீர் பற்றி ஆர்வமிருந்தால், பெரியாறு பாசனத்தில் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரையிலான இருபோகப் பகுதியையும், அதற்குக் கீழே மேலூர் ஒருபோகக் கடைமடையையும் ஒப்பிடலாம். கடைமடையில் கிணற்றுக்குச் செலவிட்ட பணம் எந்த நீர்வரிக் கணக்கிலும் வராது.

கேள்வித்தாளோடு போகும்போது ‘ஆண்டு வருமானம் எவ்வளவு’ என்று எடுத்தவுடன் கேட்காதீர்கள். நீங்கள் கடன் தள்ளுபடிக்கோ ரேஷன் அட்டைக்கோ வந்திருப்பதாக நினைத்து ஒரு தொகையைச் சொல்வார்கள். போன போகத்தில் எந்த வயல், எத்தனை சென்ட், எத்தனை மூட்டை, மூட்டை என்ன விலைக்குப் போனது என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேளுங்கள். அவர்கள் மூட்டையிலேயே சொல்லட்டும், குவிண்டாலாக்குவது உங்கள் வேலை. கொள்முதல் நிலையத்து மூட்டை 40 கிலோ. வியாபாரி களத்தில் பிடிக்கும் மூட்டை அதைவிடக் கூடுதலாக இருக்கலாம், எனவே மூட்டைக்கு எத்தனை கிலோ என்பதை ஒவ்வொரு வீட்டிலும் தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். களை எடுத்தது யார் என்று கேட்டால் ஆண்கள் ‘வீட்டு ஆளுகதான்’ என்பார்கள். எத்தனை பேர், எத்தனை நாள் என்பதை அந்த வீட்டுப் பெண்களிடம்தான் கேட்க வேண்டும்.