வளைவில் நின்ற பஸ்

அன்புள்ள அண்ணா,

நான் மதுரையில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் கார் இல்லை. அம்மாவையும் (63 வயது, மூட்டுவலி உண்டு) நான்காம் வகுப்புப் படிக்கும் மகளையும் கொடைக்கானலுக்கு அழைத்துவர ஆசை. கார் இல்லாமல் போனால் ஏரியைச் சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான் என்கிறார் சித்தப்பா. பஸ்ஸில் போய் இறங்கி, கிராமங்கள் வழியாக நடப்பதற்கு நல்ல இடங்களின் பட்டியல் தர முடியுமா? ஒரே நாளில் பூம்பாறையையும் மன்னவனூரையும் முடித்துவிடலாமா? கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் டாக்சி கிடைக்குமா? காட்டுமாடுகளை நினைத்தால் பயமாகவும் இருக்கிறது. இ-பாஸ் எடுக்க வேண்டுமா?

ம., மதுரை

அன்புள்ள ம.,

இ-பாஸ் 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. சொந்த வண்டியிலும் வாடகை வண்டியிலும் வருகிறவர்களுக்குத்தான் அது. அரசு பஸ்ஸில் வரும் உங்களுக்கு வேண்டாம். காட்டுமாடு கொடைக்கானல் கடைத்தெருவிலேயே வந்து நிற்கும். கண்டால் நின்றுவிடுங்கள், அது போக வழி விடுங்கள், செல்போனை நீட்டிக்கொண்டு கிட்டே போகாதீர்கள். சித்தப்பாவை விட்டுவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு சொல் என்னை நிறுத்திவிட்டது. 'முடித்துவிடலாமா' என்று கேட்கிறீர்கள். வேலையை முடிக்கலாம், கடனை முடிக்கலாம். ஓர் ஊரை எப்படி அம்மா முடிப்பது? இந்தச் சொல்லை முதன்முதலில் நான் கேட்ட இடமும் நாளும் மறக்கவில்லை.

எனக்குப் பூம்பாறைதான் சொந்த ஊர். சில வருடங்களுக்கு முன் என் அம்மாவுக்குக் கீழே ஒரு மருத்துவமனையில் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. ஒரு கண்ணில் கட்டு. இன்னொரு கண்ணில் ஏற்கெனவே பார்வை மங்கல். மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை, கொடைக்கானலில் பிற்பகல் பஸ் ஏறினோம். பதினெட்டு கிலோமீட்டர்தான். ஊருக்கு மேலே ஒரு வளைவு உண்டு. அங்கிருந்து பார்த்தால் படிப்படியான வயல்களும், நடுவில் குழந்தை வேலப்பர் கோயிலும், அதைச் சுற்றிய வீடுகளும் ஒரே பார்வையில் விழும். அந்த வளைவில் சாலையின் இரண்டு பக்கமும் கார்கள். பஸ் நுழைய இடமில்லை. டிரைவர் ஒலிப்பானை அடித்து ஓய்ந்தார். கண்டக்டர் இறங்கி ஒவ்வொரு காராகப் போய்க் கெஞ்சினார். வண்டிக்காரர்கள் சரிவில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றேகால் மணி நேரம் நின்றோம்.

அம்மா கேட்டார்: "எந்த இடத்தில் நிற்கிறோம்?"

"ஊருக்கு மேல், வளைவில்."

"அப்படியானால் நம் வீடு தெரியுமே."

"தெரிகிறது."

"யார் வீட்டிலெல்லாம் புகை வருகிறது?"

ஒவ்வொரு வீடாகச் சொன்னேன். பெரியம்மா வீட்டில் வருகிறது. கோயிலுக்குப் பின்னால் இரண்டு வீட்டில் வருகிறது. நம் வீட்டில் இல்லை. கொடியில் போட்ட துணியை யாரோ எடுத்திருக்கிறார்கள். அம்மா தலையாட்டிக்கொண்டே கேட்டார். ஜன்னலுக்கு நேர் கீழே ஓர் இளைஞர் நண்பரிடம் சொன்னது எங்கள் இருவர் காதிலும் விழுந்தது: "பூம்பாறை முடிந்தது. அடுத்து மன்னவனூர்."

எங்கள் ஊரைப் படம் பிடிக்க வந்தவர்கள் நின்ற இடத்தில், ஊர்க்காரர்கள் வீடு போக முடியாமல் உட்கார்ந்திருந்தோம். அந்தப் பிள்ளை கெட்டவரில்லை. அவர் வந்த வண்டி அவரை அப்படிப் பேச வைத்தது. எந்த நேரத்திலும் கிளம்பலாம், எங்கும் நிறுத்தலாம் என்றிருப்பவருக்கு ஊர்களெல்லாம் அடுத்தடுத்து வரும் பெயர்கள். பஸ்ஸில் வருகிறவர் அடுத்த பஸ் வரும்வரை அங்கேயே இருந்தாக வேண்டும். இருந்தால்தான் டீக்கடையில் உட்காருவார், திண்ணையில் பூண்டு உரிப்பவரோடு நாலு வார்த்தை பேசுவார். எங்கள் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு கிடைத்ததைக் காரில் வந்தவர்களும் அறிவார்கள். வீட்டுக்குள் அது கட்டுக் கட்டாகப் புகையில் தொங்குவதை, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது யாராவது உள்ளே கூப்பிட்டால்தான் பார்க்க முடியும்.

2025 கோடையில் உயர் நீதிமன்றம் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4000 வண்டிகள், வார இறுதியில் 6000 என்று வரம்பு வைத்தது. வரம்பே அவ்வளவு! ஒரு பஸ்ஸில் வரும் ஐம்பது பேர் காருக்கு நாலு பேராக வந்தால் பன்னிரண்டு பதின்மூன்று கார்கள். எங்கள் வளைவை அடைக்க அது போதும். ஆகையால் கார் இல்லையே என்று நீங்கள் வருந்தி எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. வருந்தாதீர்கள்.

என் சிறுவயதில் இரவு பஸ் எங்கள் ஊரிலேயே தங்கும். விடியுமுன் டிரைவர் எஞ்சினைச் சூடேற்றுவார். அந்த உறுமல்தான் ஊருக்குக் கடிகாரம். அம்மா கடுங்காப்பி போட்டு என்னிடம் கொடுத்தனுப்புவார். கண்டக்டர் டம்ளரை இரண்டு கையாலும் பொத்தி, முதலில் விரல்களைக் காயவைத்துக்கொண்ட பிறகே குடிப்பார். விரல் விறைத்திருந்தால் டிக்கெட் கிழிக்க வராது என்பார். பால் கேன், கேரட் மூட்டை, பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள், பிரசவத்துக்குப் போகிற பெண் எல்லாம் அந்த ஒரே வண்டியில். மூடுபனி அடைத்த நாட்களில் கண்டக்டர் டார்ச் விளக்கோடு முன்னால் நடக்க, பஸ் அவர் பின்னால் ஊர்ந்து போகும்.

கடைசி பஸ் போனால் டாக்சி கிடைக்குமா என்கிறீர்கள். கிடைக்கும். ஆனால் அந்த எண்ணத்தோடு புறப்படாதீர்கள். கடைசி பஸ்ஸை நம்பித்தான் இங்கே பெண்கள் களையெடுக்கப் போகிறார்கள், பிள்ளைகள் பள்ளி விட்டு வருகிறார்கள். அதில் இருக்கை அவர்களுக்கு வேண்டும். நீங்கள் அதற்கு முந்தைய பஸ்ஸில் திரும்புங்கள். முந்தையது வராமல் போனாலும் கையில் ஒரு பஸ் மிச்சமிருக்கும். இறங்கும்போதே கண்டக்டரிடம் திரும்பும் நேரத்தைக் கேளுங்கள், டீக்கடையில் இன்னொரு முறை கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போகாவிட்டால் டீக்கடைக்காரர் சொன்ன நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் தினமும் அந்த பஸ்ஸைப் பார்க்கிறவர்.

பட்டியல் தரமாட்டேன். ஒரே ஒரு வழி சொல்கிறேன். கொடைக்கானலிலிருந்து அட்டுவம்பட்டி, வில்பட்டி வழியாகப் பள்ளங்கிக்கு பஸ் போகிறது. பள்ளங்கி பள்ளத்தாக்கில் இருக்கிறது. அதுவரை பஸ்ஸிலேயே கீழே போய்விட்டு, வில்பட்டி பக்கமாகச் சாலையோரம் ஏறி நடங்கள். மூட்டுவலிக்காரருக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் பகை. ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் நின்றுகொள்ளலாம், இறக்கத்தில் ஒவ்வோர் அடியும் முழங்காலில் இடிக்கும். அம்மாவுக்குப் போதும் என்று தோன்றிய இடத்தில் பின்னால் வரும் பஸ்ஸுக்குக் கை காட்டுங்கள். படி வயல்களில் கேரட்டும் பீன்ஸும் இருக்கும், வரப்பில் பேரிக்காய் மரங்கள் நிற்கும். வரப்பில் இறங்குமுன் வயல்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வட்டக்கானலில் இறங்கி வெள்ளகவிக்கு நடப்பதை யாராவது சொன்னால் இந்த முறை வேண்டாம். பஸ் போகாத ஊர், செங்குத்தான இறக்கம். மோட்டார் சாலை வருமுன் பெரியகுளத்திலிருந்து மலையேறிய பழைய பாதை அது. 1845-ல் இங்கே முதல் பங்களாக்களைக் கட்டிய அமெரிக்கப் பாதிரிமார்களின் காலத்தில் கீழேயிருந்து மேலே வர நடைபாதைதான் உண்டு. ஊருக்குள் செருப்பு அணியும் வழக்கமில்லை. மகள் வளர்ந்ததும் அவளோடு போங்கள்.

மே மாதம் வராதீர்கள். ஜனவரியில் வாருங்கள். அதிகாலையில் புல் நுனியில் உறைபனி இருக்கும், மகளுக்குக் கம்பளித் தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளங்கிக்கு மறுநாள் பூம்பாறைக்கு வாருங்கள், மன்னவனூர் இன்னொரு பயணத்துக்கு இருக்கட்டும். உங்கள் அம்மாவை ஜன்னலோரம் உட்கார வையுங்கள். அந்த வளைவில் இறங்க வேண்டியதில்லை, பஸ் திரும்பும்போதே ஊர் முழுவதும் தெரியும். கோயிலுக்கு இடப்பக்கம், மூன்றாவது வரிசையில் எங்கள் வீடு. பஸ் சத்தம் கேட்டால் அம்மா வாசலுக்கு வந்து நிற்பார்.