வாசகர் கேள்வி பதில்: விளையாட்டுல பணம் எப்படி ஓடுது?

கேள்வி: சார், ஒரு நாட்டோட பொருளாதாரத்துல விளையாட்டுக்கு இத்தனை சதவீத பங்குன்னு அடிக்கடி செய்தி வருதே, அந்த கணக்குல எதெல்லாம் சேரும்? மேட்ச் டிக்கெட் மட்டும்தானா?

பதில்: டிக்கெட் அதுல சின்ன துண்டுதான் தம்பி. விளையாட்டு சம்பந்தப்பட்டது எல்லாத்தையும் சேத்து தனியா ஒரு துறை பொருளாதார கணக்குல கிடையாது, அதான் சிக்கலே. ஷூ தைக்கிறது காலணி தொழில்ல போயிடும், மேட்ச் காட்டுறது டிவி தொழில்ல, மேட்ச் பாக்க வர்றவங்க தங்குறது ஹோட்டல் தொழில்ல, இப்படி நாலா பக்கமும் செதறி கிடக்கும். அதையெல்லாம் பொறுக்கி எடுத்து தனி நோட்டுல எழுதுறதுக்கு சாட்டிலைட் அக்கவுன்ட்னு பேரு. ஐரோப்பாவுல 2007ல வில்னியஸ் வரையறைன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, மூணு வட்டம் போட்ட மாதிரி இருக்கும். உள்வட்டத்துல கிளப், மைதானம். அடுத்ததுல விளையாடுறதுக்கு வேணுங்கிற பந்து, ஷூ, மட்டை. வெளிவட்டத்துல விளையாட்ட நம்பி நடக்குற டிவி, சுற்றுலா எல்லாம். அதனால எந்த வட்டத்த சொல்றாங்கன்னு பாக்காம ரெண்டு நாட்ட பக்கத்துல வச்சு இது பெருசு அது சிறுசுன்னு பேசவே கூடாது.

இதுல சேராத ஒண்ணு இருக்கு, அத சொல்லாம விட மனசு வரல. விடியக்காலைல வந்து கோடு போட்டு, வலை கட்டி, சம்பளமே வாங்காம பசங்களுக்கு சொல்லிக் குடுக்குறாங்களே, அவங்க உழைப்பு ஜிடிபில, அதாவது நாட்டோட மொத்த உற்பத்தி கணக்குல வராது, ஏன்னா அங்க பணம் கை மாறல. பல நாடுகள்ல ஊர் அளவுல விளையாட்டு நடக்குறது பெரும்பாலும் அவங்களாலதான், அவங்க வீட்டுக்கு போயிட்டா அந்த மூணு வட்டத்துல உள்வட்டமே ஆட்டம் கண்டுடும்.

கேள்வி: பெரிய ஸ்டேடியம் கட்டுனா, ஒலிம்பிக்ஸ் நடத்துனா, வேலை பெருகும், போட்ட பணம் திரும்பி வந்துடும்னு சொல்றாங்க, உண்மையா?

பதில்: பெரும்பாலும் இல்ல. பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் கட்சி பேதம் இல்லாம ஒத்துப்போற விஷயம் ரொம்ப கம்மி, அதுல இது ஒண்ணு. காரணம் ரொம்ப எளிமைங்க. ஒரு குடும்பம் பொழுதுபோக்குக்குன்னு மாசம் இவ்வளவுதான் ஒதுக்க முடியும், ஸ்டேடியத்துல செலவு பண்ணா அந்த மாசம் சினிமாவுக்கோ வெளில சாப்பிடவோ போக மாட்டாங்க, அப்போ புதுசா பணம் ஒண்ணும் உருவாகல, ஒரு பையிலேர்ந்து இன்னொரு பைக்கு போச்சு அவ்வளவுதான். அதுலயும் பெரும் பங்கு வீரர்களுக்கும் கிளப் முதலாளிக்கும் போகுது, அவங்க அதே ஊர்ல செலவு பண்ணுவாங்கன்னு எந்த உத்தரவாதமும் இல்ல.

கனடாவுல இருக்குற மான்ட்ரியல் ஊரோட கதைய பாருங்க. 1976 ஒலிம்பிக்ஸ் நடத்துறதுக்கு முன்னாடி அந்த ஊர் மேயர் ஜான் டிராப்போ, ஆம்பளைக்கு எப்படி குழந்தை பொறக்காதோ அதே மாதிரி ஒலிம்பிக்ஸுக்கும் நஷ்டம் வராதுன்னு சொன்னாரு. போட்டி தொடங்குறப்போ ஸ்டேடியம் கட்டியே முடியல. அந்த கடன அடைக்க சிகரெட்டுக்கு தனி வரி போட்டு 2006 வரைக்கும் இழுத்தாங்க, முழுசா 30 வருஷம். போட்டி நடந்தப்போ பொறக்காத பிள்ளைங்களும் வளர்ந்து அந்த கடன கட்டியிருக்காங்க, இத படிக்கும்போதெல்லாம் எனக்கு கோவம் வரும்.

1984ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல 23 கோடி டாலருக்கு மேல மிச்சம் ஆச்சே, அது எப்படின்னு கேப்பீங்க. மான்ட்ரியல பாத்து பயந்து மத்த ஊர்லாம் ஒதுங்கிட்டதால நிபந்தனைய இவங்களால பேசி வாங்க முடிஞ்சுது, அதுதான் முதல் காரணம். அப்புறம் புது ஸ்டேடியம் கட்டல, 1923லயே தொறந்த கொலிசியம்ங்கிற பழைய ஸ்டேடியத்தயே பயன்படுத்துனாங்க, நீச்சல் குளமும் சைக்கிள் டிராக்கும் ஸ்பான்சர் பணத்துல வந்துச்சு. மிச்சப்பட்டதுல ஒரு பங்கு பசங்க விளையாட்டுக்குன்னே ஒரு அறக்கட்டளையா ஆச்சு, அது இன்னும் நடக்குது. கட்டாம விட்டதுதான் லாபம்.

கேள்வி: ஒரு கம்பெனி போட்டி கம்பெனிய ஒழிச்சுட்டா அதுக்கு லாபம். கிளப்புக்கு மட்டும் ஏன் அப்படி இல்ல?

பதில்: அருமையான கேள்வி. வால்டர் நீல்னு ஒரு பொருளாதார அறிஞர் 1964ல இதத்தான் எழுதுனாரு, குத்துச்சண்டை சாம்பியனுக்கு எதிர்ல பலமான ஆள் இல்லன்னா அவருக்கு வருமானமே இல்ல. ஆட்டம்ங்கிற சரக்க ரெண்டு பேர் சேந்துதான் தயாரிக்க முடியும். அதனாலதான் அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்ல தேசிய டிவி பணத்த எல்லா டீமுக்கும் சமமா பிரிக்கிறாங்க, 1994லேர்ந்து சம்பளத்துக்கும் உச்சவரம்பு வச்சிருக்காங்க. ஐரோப்பிய கால்பந்துல அந்த மாதிரி சம்பள வரம்பு இல்ல, ஜெர்மனில 2013லேர்ந்து 2023 வரைக்கும் பேயர்ன் மியூனிக் கிளப்பே தொடர்ந்து 11 தடவ லீக் பட்டத்த ஜெயிச்சுது.

கேள்வி: பந்து செய்றவங்களுக்கு இதுல என்ன கிடைக்குது?

பதில்: கம்மிதான். பாகிஸ்தான்ல சியால்கோட் ஊர்ல தச்ச பந்துதான் பல காலமா உலகம் முழுக்க ஓடுச்சு. சின்ன பசங்க தைக்கிறாங்கன்னு எதிர்ப்பு வந்து 1997ல அத நிறுத்த அட்லாண்டா ஒப்பந்தம் போட்டாங்க. அப்புறம் சூட்டுல ஒட்டுற பந்து வந்து கைத்தையல் வேலை கொறைஞ்சு போச்சு. கடைல குடுக்குற விலைல பெரும் பங்கு பிராண்டுக்கும் விளம்பரத்துக்கும்தான் போகுது, ஊசி பிடிச்ச கைக்கு இல்ல.

கேள்வி: நான் ரெண்டு பிள்ளைங்களுக்கு அம்மா. பதக்கத்துக்கு செலவு பண்றது நல்லதா, சாதாரண பசங்க விளையாடுறதுக்கு செலவு பண்றதா?

பதில்: ரெண்டும் எதிரெதிர் இல்லம்மா, ஆனா எது முதல்ல வரணும்ங்கிறதுல எனக்கு சந்தேகமே இல்ல, சாதாரண பசங்கதான். உலக சுகாதார நிறுவனம் சொல்றது வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடம்ப அசைக்கணும்னு, 2022 கணக்குப்படி பெரியவங்கள்ல 31 சதவீதம், அதாவது 180 கோடி பேர் அத கூட செய்யல. இதனால வர்ற நோய்க்கு ஆகுற வைத்திய செலவு வருஷத்துக்கு 2,700 கோடி டாலர்னு அவங்களே போட்டுருக்காங்க. இந்த செலவு விளையாட்டு பட்ஜெட்ல வராது, ஆஸ்பத்திரி பட்ஜெட்ல வரும், அதான் மைதானத்துக்கு காசு கேட்டா இல்லன்னு சுலபமா கைய விரிச்சுடுறாங்க.

நார்வேய பாருங்க, மக்கள்தொகை சுமார் 56 லட்சம்தான். அங்க லாட்டரி, பந்தயம் நடத்துறது அரசு நிறுவனம், அதோட உபரில பெரும் பங்கு விளையாட்டுக்கு போகுது, அதுல ஊர் மைதானமும் சேரும். 11 வயசுக்குள்ள பசங்களுக்கு ரேங்க் பட்டியலே போடக்கூடாதுன்னு விதி, எல்லாரும் ஆடட்டும்னு. அந்த நாடுதான் 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸ்ல 16 தங்கம் வாங்கி முதல் இடத்துல வந்துச்சு.

அடுத்த தடவ விளையாட்டு பட்ஜெட் வெளியிட்டாங்கன்னா கட்டுமானத்துக்கு எவ்வளவுன்னு பாக்குறதோட நிறுத்தாதீங்கம்மா, பராமரிப்புக்கும் கோச் சம்பளத்துக்கும் எவ்வளவுன்னு தேடி பாருங்க. அந்த கணக்கு அதுல இல்லன்னா கூட்டத்துல எழுந்து கேளுங்க.