பொருளாதார வரலாறு படிக்கப் போகிறேன். ஆய்வு முறைகள் எப்படி இருக்கும், இந்தத் துறை இனி எந்தப் பக்கம் போகும்?

உப்பை வைத்துச் சொல்கிறேன்.

வெள்ளைக்காரன் போட்ட ரயிலால் நமக்கு லாபமா நஷ்டமா என்பது டீக்கடை வரைக்கும் ஓயாத சண்டை. ரயிலே இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று 1960களில் அமெரிக்காவுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தவர் பொருளாதார வரலாற்றாசிரியர் ராபர்ட் ஃபோகல் (1993ல் நோபல் வாங்கினார்). இந்தியாவுக்கு அதைச் செய்ய வந்த பொருளாதார ஆய்வாளர் டேவ் டொனால்ட்சனுக்கு, ரயில் வருவதற்கு முன்னும் பின்னும் சரக்கு கொண்டுபோக எவ்வளவு செலவானது என்று தெரிய வேண்டியிருந்தது. அவர் பிடித்தது உப்பு விலையை. வட இந்தியாவில் ஒவ்வொரு வகை உப்பும் ஓரிடத்தில்தான் விளைந்தது. ராஜஸ்தானின் சாம்பர் ஏரி உப்பு என்றால் அந்த ஏரியிலிருந்து மட்டும்தான் வரும். அதே உப்பு ஏரிக்கரையில் ஒரு விலை, தூரத்து மாவட்டத்தில் வேறு விலை என்றால், நடுவில் இருப்பது பெரும்பாலும் வண்டிக்கூலி. அப்படிப் பிடித்துப் பிடித்துப் போய், ரயில் வந்த மாவட்டத்தில் விவசாய வருமானம் சுமார் 16% கூடியது என்று 2018ல் வெளியிட்டார். அந்தப் பணம் யார் மடியில் விழுந்தது என்பது வேறு கேள்வி, எனக்கு அதுதான் பெரிய கேள்வி.

சரி, இனி? ஆங்கில அறிக்கைகளைத் துருவியாயிற்று, உள்ளூர்க் கணக்குகள்தான் பாக்கி. 1767 முதல் 1774 வரை செங்கல்பட்டுப் பக்கம் சுமார் 2000 ஊர்களில் எடுத்த கணக்கு ஓலைச்சுவடியில் இருக்கிறது, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலேயே போய்ப் பார்க்கலாம். கையெழுத்தைக் கணினியே படிக்கும் காலம் வந்துவிட்டது என்கிறார்கள், நம்புகிறேன். ஆனால் அதில் வரும் முந்திரி (320ல் ஒன்று) போன்ற பின்னக் குறிகளுக்கு, கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடில் இடம் கிடைத்ததே 2019ல்தான்!

அப்புறம், படித்துவிட்டால் மட்டும் போதாது. என் முதுகலை ஆய்வேட்டுக்காக ஒரு பழைய நெல் கணக்கை எக்செல்லில் ஏற்றி, கலத்துக்கு 12 மரக்கால், மரக்காலுக்கு 8 படி என்று பார்முலா போட்டு இழுத்துவிட்டேன். ஓர் ஊரில் மட்டும் விளைச்சல் எகிறிப் போய் நின்றது. என்ன புரட்சி நடந்ததோ என்று மூன்று வாரம் தேடினேன். கடைசியில் பார்த்தால் அந்த ஊர் மரக்காலே சின்னது.

அதனால் பைத்தான், புள்ளியியல் எல்லாம் கற்றுக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே வீட்டில் பழைய கணக்கு எழுதத் தெரிந்த தாத்தா யாராவது இருந்தால் இந்த விடுமுறையிலேயே போய் உட்காருங்கள்.