காப்பகத்திலிருந்து கொண்டுவந்த பூனை 5 நாளாகக் கட்டிலுக்குக் கீழேயே கிடக்கிறது. எங்களைப் பிடிக்கவில்லையா? திருப்பிக் கொடுத்துவிடலாமா?

திருப்பிக் கொடுக்க வேண்டாம். இரவில் சாப்பாட்டுத் தட்டு காலியாகிறது, மலசலத்துக்கு வைத்த மண் தட்டையும் பாவித்திருக்கிறது, பகலில் இரண்டு கண் மட்டும்தான் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சாப்பாடும் மண் தட்டும் ஒழுங்காக நடக்கிறதென்றால் பயப்பட ஒன்றுமில்லை. 5 நாள் உங்களுக்குப் பெரிய காலமாகத் தெரியும், எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. எங்கள் வீட்டில் அது 41 நாள் எடுத்தது.

திருகோணமலையில், பிரட்ரிக் கோட்டைக்குக் கிட்ட கடற்கரைப் பக்கம் எங்கள் வீடு. நானும் அம்மாவும்தான். நான் பாடசாலையில் படிப்பிக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் ஆனி மாதம், ஒரு அக்கா தன் வளவுக்குள் கூடு கட்டி நடத்தும் சின்னக் காப்பகத்துக்குப் போனேன். குட்டிகள் எல்லாம் கம்பியில் தொங்கிக்கொண்டு கத்தின. கடைசிக் கூட்டில் ஒரு பெட்டைப்பூனை சுவரைப் பார்த்தபடி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது. ஒன்றரை வயது இருக்கும். மீன் சந்தைப் பக்கம் பிடித்தது, கருத்தடை செய்தாச்சு, ஊசியும் போட்டாச்சு, ஆனால் 8 மாதமாக யாரும் கேட்கவில்லை என்றார் அக்கா. வருகிற ஆட்கள் முகத்தைப் பார்க்க நிற்பார்களாம். அது திரும்பாது, அவர்களும் அடுத்த கூட்டுக்குப் போய்விடுவார்களாம். "இவ கடிக்க மாட்டா தங்கச்சி, பயம் மட்டும்தான்" என்றார். அந்த முதுகைப் பார்த்த பிறகு வேறு பூனையோடு வீட்டுக்குத் திரும்ப எனக்கு மனம் வரவில்லை.

வறுத்த கச்சான் தோலின் நிறம் அவளுக்கு. வந்ததும் கச்சான் காற்று புழுதியை அள்ளி அடிக்கிற நேரம். அதனால் பெயர் கச்சான். (வெளியூர் ஆட்களுக்கு: எங்கள் பக்கம் நிலக்கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயர், அந்த வறண்ட காற்றுக்கும் அதே பெயர்தான்.)

ஓட்டோவில் கொண்டுவந்து இறக்கியதும் நான் விட்ட முதல் பிழை, கூடையை விறாந்தையில் வைத்துத் திறந்தது. முழு வீட்டையும் அவளுக்குக் கொடுக்கிறேன் என்று நினைத்தேன். அவள் சுவரோடு சுவராக ஓடி, குசினிக்குள் போய், குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் ஒடுங்கினாள். அன்றிரவு அக்காவுக்குப் போன் எடுத்தேன். "ஒரு சின்ன அறை போதும். கதவைச் சாத்து. அறைக்குள்ள ஒளிக்க ஒரு இடம் குடு" என்றார். பின்னறையைக் கொடுத்தோம். பெரிய மட்டைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து வாசல் வெட்டி வைத்தேன், காப்பகத்தில் அவள் படுத்திருந்த சாக்குத் துண்டையும் உள்ளே போட்டேன். அந்தச் சாக்கைக் கழுவ வேண்டாம் என்று அக்கா சொன்னது அப்போது எனக்கு விளங்கவில்லை. பூனை ஓர் இடத்தை மணத்தால்தான் தன்னுடையதாக்குகிறது. கன்னத்திலும் வாயோரத்திலும் இருக்கிற சுரப்பிகளால் கதிரைக் கால், கதவு நிலை எல்லாவற்றிலும் உரசி உரசித் தன் மணத்தை வைக்கும். புது வீட்டில் அப்படி ஒரு அடையாளமும் இல்லை, எல்லாம் அந்நியம். அந்த அழுக்குச் சாக்கு மட்டும்தான் அவளுக்குத் தெரிந்த ஒரே சாமான்.

ஆகவே கட்டிலுக்குக் கீழ் இருப்பதை ஒரு குறையாக நினைக்காதீர்கள். ஒளிப்பதுதான் பூனை தன் பயத்தை ஆற்றுகிற வழி. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்காரர் 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத்தான் பார்த்தது. காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் 10க்கு ஒளிக்கப் பெட்டி கொடுத்தார்கள், 9க்குக் கொடுக்கவில்லை. பெட்டி கிடைத்தவை மூன்றாம் நான்காம் நாளிலேயே மற்றவற்றைவிடத் தெளிந்திருந்தன. ஒளிக்க விட்டால்தான் சீக்கிரம் வெளியே வரும். கட்டிலடியைச் சாமான் வைத்து அடைக்கச் சொல்லி உங்களுக்கு யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வேண்டுமென்றால் அதே அறையில் ஒரு பெட்டியும் வையுங்கள், எதில் இருப்பதென்று அது முடிவெடுக்கட்டும்.

இனி நான் செய்த பெரிய பிழை. ஆறாம் நாள் மூதூரிலிருந்து மச்சாளும் பிள்ளைகளும் வந்தார்கள். பிள்ளைகள் "பூனை எங்க, பூனை எங்க" என்று கேட்க, பெட்டிக்குள் கையை விட்டு அவளை வெளியே இழுத்தேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் மூன்று கோடு, இரத்தம் ஓடியது. பிழை அவளுடையது இல்லை, ஒளித்த இடத்திலிருந்தும் இழுத்தால் அவளுக்கு வேறு வழி என்ன? (காப்பகத்துப் பூனையோ வீட்டுப் பூனையோ, கீறினால் ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள். விசர்நாய்க்கடி நோய் நாய்க்கு மட்டும் உரியது இல்லை.) காயம் ஒரு கிழமையில் ஆறியது. அவளுக்கு ஆறவில்லை. அதற்கு முதல் நான் அறையில் இருக்கும்போது தட்டுக்கு வரத் தொடங்கியிருந்தவள், அடுத்த இரண்டு கிழமை நான் கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகுதான் சாப்பிட்டாள்.

அதன்பிறகு அவளைத் தேடுவதை விட்டுவிட்டேன். இதைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வந்தேன். பூனையை வெளியே எடுப்பது நம் வேலை இல்லை. ஒரே நேரம், ஒரே இடம், ஒரே சத்தம் என்று ஒவ்வொரு நாளும் மாறாமல் இருப்பதுதான் நம் வேலை. இரவு 8 மணிக்கு அறைக்குள் போவேன், தட்டை வைப்பேன், பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிலத்தில் இருப்பேன். சும்மா இருக்க முடியாது என்பதால் தரம் 5 பிள்ளைகளின் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்துவேன், அதையே மெல்லிய குரலில் வாசிப்பேன். "எங்கள் ஊர்ச் சந்தை" என்ற தலைப்பில் முப்பத்தைந்து கட்டுரை கேட்டிருக்கிறாள் கச்சான்.

அப்படி ஒருநாள், நாலாம் கிழமை இருக்கும், சிவப்புப் பேனை கையிலிருந்து நழுவிப் பின்பக்கம் உருண்டது. திரும்பி எடுக்கப் போனவள் எடுக்காமல் இருந்துவிட்டேன். நிலத்தில் நகம் உரசுகிற சத்தம் கேட்டது. தலையை மட்டும் மெல்லத் திருப்பிப் பார்த்தேன். பெட்டி வாசலால் ஒரு கை வெளியே வந்தது, பாதத்தின் நுனி மட்டும் வெள்ளை. பேனையைத் தொட்டது, உள்ளே போனது. திரும்ப வந்தது. இந்த முறை பேனையைத் தன் பக்கமாக இழுத்து, மூடியை மணந்து, பிறகு திரும்பவும் என் பக்கம் தட்டிவிட்டாள். அது என் துடையில் வந்து முட்டியது. நான் அழுதுவிட்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. அன்றுதான் முதல் தடவையாக அவள் முகத்தை நேரே பார்த்தேன்.

அந்த நேரத்தில் இன்னொன்றும் செய்தேன், நீங்களும் செய்து பாருங்கள். பூனையை உற்றுப் பார்த்தால் அது மிரட்டல் என்று எடுக்கும். கண்ணைப் பாதி மூடி, மெதுவாக முழுதாக மூடி, மெதுவாகத் திறக்க வேண்டும். இங்கிலாந்தின் சசெக்ஸ், போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சியாளர்கள் 2020இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மனிதர் இப்படிக் கண்ணை மூடித் திறந்தால் பூனைகளும் பதிலுக்குக் கண்ணைச் சுருக்கின, முன்பின் தெரியாத ஆள் என்றாலும் நீட்டிய கையடிக்கு வந்தன. கச்சான் பதில் சொல்ல நாலு நாள் எடுத்தாள்.

ஆனால் அவள் முதலில் போய் உரசியது என்னை இல்லை, அம்மாவை. பூனையே வேண்டாம் என்று நின்ற மனிசி. "மீன் சட்டியை மூடி வைச்சே என்ட சீவன் போகும்" என்றவர். வந்த நாளிலிருந்து அம்மா அவளைக் கூப்பிட்டதும் இல்லை, எட்டிப் பார்த்ததும் இல்லை. விடிய 5 மணிக்கு எழும்பித் திருவலையில் தேங்காய் துருவுவார், அவ்வளவுதான். 35 நாளுக்குப் பிறகு பின்னறைக் கதவை இரவில் ஒரு சாண் திறந்து விடத் தொடங்கினேன். 41ஆம் நாள் விடிய, குசினிக்குள்ளிருந்து அம்மா சத்தம் போடாமல், ரகசியம் சொல்கிற மாதிரிக் கூப்பிட்டார்: "பிள்ளை, எழும்பி மெல்ல வா. உன்ட ஆள் வந்து நிக்கிறா." போய்ப் பார்த்தால் திருவலைக் காலில் கன்னத்தை உரசிக்கொண்டு, வாலை நேரே தூக்கிக்கொண்டு நிற்கிறாள். வால் நேரே நின்றால் அது பூனையின் வணக்கம். அம்மா துருவுவதை நிறுத்தவே இல்லை, நிறுத்தினால் ஓடிவிடுவாள் என்று அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. அன்றைக்குச் சம்பலுக்குத் தேவைக்கு மேல் இரண்டு தேங்காய் துருவியாச்சு.

சூரிச் பல்கலைக்கழகத்தில் டெனிஸ் டேர்னர் குழுவினர் வீடுகளில் பூனைகளையும் மனிதரையும் கவனித்து எழுதியதும் இதுதான்: பூனை தானாகத் தொடங்குகிற நெருக்கம், நாம் தொடங்குவதைவிட அதிக நேரம் நீடிக்கும். அம்மா ஒரு ஆய்வும் வாசிக்காமல் அதைச் செய்து காட்டினார்.

உங்கள் பூனைக்கும் இப்படித்தான் நடக்கும் என்று நாள் குறித்துச் சொல்ல மாட்டேன். காப்பகக்காரர் மூன்று நாள், மூன்று கிழமை, மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: முதல் பயம் தணிய, வீட்டு ஒழுங்கு பழக, தன் வீடு என்று நம்ப. குட்டியில், 2 முதல் 7 கிழமை வயதுக்குள், மனிதக் கை பட்டு வளர்ந்த பூனைக்கு அது சரிவரும். அப்படிக் கை படாமல் தெருவில் வளர்ந்தவற்றுக்கு இன்னும் கூடும். கூடினாலும் பல பூனைகள் பழகும்.

சாப்பாட்டு விஷயத்தில் கொஞ்சம் கவனம். நல்ல மணம் உள்ளதைக் கொஞ்சம் இளஞ்சூடாக வைத்தால் கட்டிலடி வரைக்கும் மணம் போகும். நாங்கள் சூடை மீனை உப்பு, புளி, தூள் ஒன்றும் போடாமல் அவித்து, முள் எடுத்துக் கொடுப்போம். பச்சை மீன் தொடர்ந்து கொடுக்காதீர்கள், சில மீன்களில் இருக்கிற நொதியம் விற்றமின் பி1ஐ அழித்துவிடும், அவித்தால் அந்த நொதியம் கெட்டுப்போகும். மீன் மட்டுமே போதாது, பூனைச் சாப்பாடும் இடைக்கிடை கோழி இறைச்சியும் வேண்டும். குழம்புச் சோறு வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் (வெள்ளைப்பூண்டு) பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பாலும் பெரும்பாலான பெரிய பூனைகளுக்கு வயிற்றோட்டம்தான்.

ஒளிப்பதைப் பொறுத்திருந்து பார்க்கலாம், சாப்பிடாமல் இருப்பதைப் பொறுக்கக் கூடாது. ஒரு முழு நாள் எதுவும் தொடவில்லையென்றால் மிருக வைத்தியருக்குப் போன் எடுங்கள், இரண்டாம் நாளுக்கு விடாதீர்கள். பட்டினி கிடந்தால் பூனைக்கு, முக்கியமாகக் கொழுத்த பூனைக்கு, ஈரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகும். உங்களுடையது கடுவன் என்று எழுதியிருக்கிறீர்கள். மண் தட்டில் போய்ப் போய் முக்கி இருந்தும் சிறுநீர் வரவில்லையென்றால் அன்றைக்கே, அந்த மணித்தியாலமே கொண்டுபோக வேண்டும். பயந்த கடுவன் பூனைகளுக்கு அடைப்பு வருவது உண்டு. காய்ச்சல் போல இருக்கிறதென்று பனடோல் (பரசிற்றமோல்) ஒருபோதும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு குளிசையே பூனையைக் கொன்றுவிடும்.

பழகிய பிறகும் சில நாள் திரும்ப உள்ளே போகும், அப்போது மனம் விட்டுவிடாதீர்கள். கச்சான் வந்த பிறகு வந்த முதல் சிவராத்திரிக்குப் பின், கோணேசர் நகர்வலம் எங்கள் வீதியால் வந்தது. படலையடியில் நிறைகுடம் வைத்துக் காத்துக்கொண்டு நின்றோம். தூரத்தில் தவில் கேட்டதுமே அவள் பின்னறைப் பெட்டிக்குள் போய்விட்டாள். அடுத்த நாள் மத்தியானம் வரைக்கும் வரவில்லை. அம்மா அந்தப் பெட்டிக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து மரக்கறி வெட்டினார். இந்த வருஷமும் தவில் கேட்டதும் ஓடினாள். ஆனால் சாமி தாண்டிப் போய், மேளச் சத்தம் அடுத்த ஒழுங்கைக்குத் திரும்ப முதலே வெளியே வந்துவிட்டாள். அம்மா நிறைகுடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து விறாந்தையில் வைக்க, பின்னாலேயே போய் மாவிலை ஒவ்வொன்றாய் மணந்து பார்த்துவிட்டு, கும்பத்தில் கன்னத்தை ஒருதரம் உரசினாள்.